ஐடில் ஸ்க்ரூ மேல கை வைக்காதீங்க

போன தை மாசம் எங்க தெருவுல ஒரு மாருதி 800-ஐ பழைய இரும்புக்காரர் லாரியில ஏத்திட்டுப் போனார். பெரியவர் ஓட்டின வண்டி. அவர் இருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம கழுவி, சந்தனம் வச்சு, பழனிக்கு ஒரு நடை போயிட்டு வருவார். அவர் போனதுக்கப்புறம் மூணு வருஷம் தார்ப்பாய் போர்த்தி நின்னது. பொங்கலுக்கு வந்த மகன் புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணினார். ஸ்டார்ட் ஆச்சு. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா குலுங்கிக் குலுங்கி நின்னு போச்சு. டவுன்ல இருந்து வந்த மெக்கானிக் பத்து நிமிஷம் பார்த்துட்டு, "எஞ்சினே வீக்குங்க, செலவு பண்றது வேஸ்ட்டு"ன்னு சொல்லிட்டார். மறுநாள் சாயங்காலம் வண்டி போயிருச்சு. தோட்டத்துல இருந்து நான் வந்து சேர்றப்போ லாரி தெருமுனை திரும்பிருச்சு.

அந்த வண்டிக்கு என்ன வியாதின்னு நான் சத்தியம் பண்ண முடியாது. பார்க்கலியே. ஆனா காலை அழுத்தினா நல்லா ஓடி, காலை எடுத்தா நின்னு போற வண்டியை "எஞ்சின் போச்சு"ன்னு சொல்றது, வயித்து வலின்னு வந்தவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பறது மாதிரி. அந்தக் கோவத்துல தான் இதை எழுதறேன். ஊர்ல அப்பாவோட பழைய கார் நிக்கிற நகரத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

என்கிட்ட இருக்கிறது 1998 மாடல் ஆம்னி. கார்புரேட்டர் வண்டி. பின் சீட்டைக் கழட்டிட்டா 14 கிலோ தக்காளிப் பெட்டி இருபது ஏத்தலாம். காலையில மூணு மணிக்குக் கிளம்பினா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏலத்துக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடலாம். ரெண்டு ஏக்கர் காய்கறிக்காரனுக்கு அது வண்டி இல்ல, இன்னொரு கை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆம்னிக்கு ஐடில் போச்சு. விடியக்காலம் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணா ஜம்முன்னு நிக்கும். நாலு கிலோமீட்டர் போய் எஞ்சின் சூடாகி, சோக்கை உள்ள தள்ளினதும் ஆரம்பிக்கும். கியரை நியூட்ரல் பண்ணா மேல ஏறும், கீழ இறங்கும், அப்புறம் செத்துப் போகும். ரோட்டுல போறப்போ ஒரு குறையும் இல்ல.

முதல் ஆள் பார்த்துட்டு பிளக் மாத்தினார். மூணு பிளக். கூடவே ஐடில் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து உள்ள விட்டார். வண்டி நின்னு போகல. சரியாயிருச்சுன்னு நம்பி காசு குடுத்தேன். நாலு நாள்ல திரும்ப அதே கதை. ரெண்டாவது ஆள் காயில் மாத்தினார், ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுத்து. மூணாவது ஆள், "கார்பட்டர் தேஞ்சு போச்சுங்ணா, மாத்திறலாம்"ன்னார். ரீகண்டிஷன் கார்புரேட்டர் மூவாயிரத்து ஐநூறு, கூலி தனி. அவரும் கடைசியில என்ன பண்ணினார்? ஸ்க்ரூவைத் திருகினார்.

இந்த ஸ்க்ரூ என்ன செய்யுதுன்னு முதல்ல சொல்லிடறேன். கார்புரேட்டருக்குள்ள காத்து போற வழியில ஒரு தட்டு இருக்கு. பட்டர்ஃபிளைன்னு சொல்லுவாங்க. காலை அழுத்தினா திறக்கும், எடுத்தா மூடும். முழுசா மூடிட்டா எஞ்சின் மூச்சு முட்டிச் செத்துடும்னு, ஒரு மயிரிழை திறந்து வச்சிருக்கிறது தான் ஐடில் ஸ்க்ரூ. எண்ணூறு, தொள்ளாயிரம் சுத்துல எஞ்சினை நிக்க வைக்கிறதுக்கு. அதை உள்ள திருகினா எந்த வியாதியா இருந்தாலும் கொஞ்ச நாள் எஞ்சின் நிக்காது. காய்ச்சல்காரனை ரெண்டு பேர் கைத்தாங்கலாப் பிடிச்சு நிக்க வச்சுட்டு, "பாருங்க, நல்லா நிக்கிறார்"ன்னு சொல்ற கதை. ஆனா சிக்னல்ல நின்னா வண்டி முன்னால தள்ளிட்டே இருக்கும். பிரேக் மேலயே கால். லிட்டருக்குப் பதினஞ்சு குடுத்தது பதினொன்னுக்கு வந்துருச்சு.

இத்தனை பண்ணியும், ஒரு நாள் ரயில்வே கேட்டுல நின்னேன். ரயில் போய் கேட் திறந்தாச்சு. வண்டி செத்துருச்சு. பின்னாடி நாப்பது வண்டி ஹாரன் அடிக்குது. ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி பேட்டரியும் இறங்கிப் போச்சு. நாலு பேர் இறங்கி ஓரமாத் தள்ளிவிட்டாங்க. நான் மண்டிக்குப் போய்ச் சேர்றப்போ ஏலம் முடிஞ்சு, வாங்கினவங்க லாரியில அடுக்கிட்டு இருக்காங்க. இருபது பெட்டியையும் கேட்ட விலைக்குக் குடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு அந்தப் பணத்துல பறிப்புக் கூலியைக் கட்டியிருக்கணும். நகையை வச்சுத்தான் கட்டினேன்.

கோயமுத்தூர்ல இருக்கிற என் மச்சினன் போன்ல, "இன்னும் எதுக்கு மாமா அந்த டப்பாவைக் கட்டிட்டு அழறீங்க, வித்துட்டு லோன்ல ஒரு புது வண்டி எடுங்க"ன்னான். லோன்! தக்காளி விக்கிற விலையில வட்டி கட்டறதுக்கு நான் இன்னொரு தோட்டம் வாங்கணும்.

அன்னிக்கு மத்தியானம் கிணத்து மோட்டார் தண்ணி எடுக்கல. இது எங்களுக்கு வாடிக்கை. மோனோபிளாக் மோட்டார் ஓடுது, டெலிவரியில தண்ணி விட்டு விட்டு வருது, நடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து. பார்த்த உடனே எந்த விவசாயியும் சொல்லிடுவான், சக்ஷன்ல ஏர் வாங்குதுன்னு. டெலிவரி பைப்புல ஓட்டை இருந்தா தண்ணி பீச்சி அடிக்கும், கண்ணுக்குத் தெரியும். சக்ஷன் பைப்புல ஓட்டை இருந்தா ஒரு சொட்டு வெளிய வராது. உள்ள இழுக்கிற இடமாச்சே. காத்தைத் தான் உறிஞ்சும். வெளியில இருந்து பார்த்தா பைப் காஞ்சு, சுத்தமா இருக்கும். நாங்க சோப்பைக் குழைச்சு ஒவ்வொரு ஜாயின்டா பூசுவோம். எந்த ஜாயின்ட்டுல பூசறப்போ தண்ணி கட்டியா வர ஆரம்பிக்குதோ அங்க தான் ஓட்டை. இதுக்காக மோட்டாரை மாத்தின விவசாயி யாராவது உண்டா?

நான் சோப்புக் கையோட மேல ஏறி வர்றேன். வீட்டுக்காரம்மா திண்டுல உக்காந்துட்டு, "ஏனுங்க, மோட்டாருக்குப் பார்க்கிற மாதிரி அந்த வண்டிக்கும் பாருங்களே"ன்னாங்க. கிண்டலுக்குத் தான் சொன்னாங்க.

பெட்ரோல் எஞ்சினும் ஒரு பம்பு தாங்க. பிஸ்டன் கீழ இறங்கறப்போ காத்தை உறிஞ்சுது. பட்டர்ஃபிளை மூடியிருக்கிறதால அதுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இருக்கிற குழாயில, அதான் இன்டேக் மேனிஃபோல்டுல, வேக்கம் உருவாகுது. ஐடில்ல தான் அந்த இழுப்பு ரொம்ப பலமா இருக்கும். நல்ல எஞ்சினுக்கு வேக்கம் கேஜ் மாட்டினா 17-ல இருந்து 22 அங்குலம் பாதரசம் வரைக்கும் முள் ஆடாம நிக்கும். பட்டர்ஃபிளைக்குக் கீழ எங்க ஓட்டை இருந்தாலும் அது வழியா வெளிக்காத்து உள்ள போகும். கார்புரேட்டருக்கு அந்தக் காத்தைப் பத்தித் தெரியாது, அதுக்குண்டான பெட்ரோலைக் குடுக்காது. எடைக் கணக்குல ஒரு பங்கு பெட்ரோலுக்கு கிட்டத்தட்ட 14.7 பங்கு காத்து வேணும். ஐடில்ல எஞ்சின் குடிக்கிறதே கொஞ்சூண்டு காத்து. அதுல ஒரு பென்சில் முனை ஓட்டை பெரிய பங்கு. கலவை நீர்த்துப் போய் எஞ்சின் குலுங்குது. காலை அழுத்தினா தட்டு அகலத் திறக்குது, வேக்கம் குறையுது, அந்த ஓட்டை வழியா வர்ற காத்து மொத்தத்துல ஒன்னுமே இல்லாமப் போயிடுது. அதனால தான் ரோட்டுல நல்லா ஓடுது.

சோக் விஷயமும் இதோட பொருந்திப் போகுது பாருங்க. சோக் இழுத்தா மேல வாயை அடைச்சு பெட்ரோலைக் கூட்டுது. ஓட்டை வழியா வர்ற உபரிக் காத்துக்கு அது ஈடு கட்டிடுது. சூடான எஞ்சின்ல சோக்கைக் கொஞ்சூண்டு இழுத்தா ஐடில் சரியாகுதுன்னா கலவை நீர்த்திருக்குன்னு அர்த்தம். ஒன்னு காத்து கசியுது, இல்லேன்னா கார்புரேட்டர்ல ஐடில் ஜெட் அடைச்சிருக்கு. இந்த ஒரு நிமிஷச் சோதனையை மூணு மெக்கானிக்ல ஒருத்தர் கூடப் பண்ணல. நான் தான் வாயால சொன்னேனே, சோக் போட்டா நல்லா இருக்குன்னு! நோயாளியே நோயைச் சொல்லியும் டாக்டர் காதுல விழல.

ஆம்னியில எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். சொட்டுநீர் லேட்டரல் குழாய், 16 மில்லிமீட்டர், ஒரு முழம் வெட்டிக்கிட்டேன். ஒரு முனை காதுல, மறு முனையை மேனிஃபோல்டைச் சுத்தி ஒவ்வொரு இடமாக் காட்டிட்டே போனேன். டாக்டர் வச்சிருக்கிற குழாய்க்கு இது தம்பி. எஞ்சின் இரைச்சலுக்குள்ள ஒரு இடத்துல ‘ஸ்ஸ்ஸ்’ன்னு நல்லாக் கேட்டது. அந்த இடத்துல களைக்கொல்லி எதுவும் பட்டிருக்காத சுத்தமான கைத்தெளிப்பான்ல தண்ணியை லேசா அடிச்சேன். ஐடில் ஒரு நொடி மாறி, திரும்பப் பழையபடி ஆச்சு. ஓட்டையைத் தண்ணி அடைச்ச அந்த ஒரு நொடி தான்.

குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா எனக்கே சிரிப்பு வந்தது. மேனிஃபோல்டுல ஒரு சின்ன நிப்பிள். எப்பவோ ஒரு தடவை அதுல இருந்த குழாய் கிழிஞ்சு, புதுசு கிடைக்காம, ஒரு ரப்பர் துண்டை மாட்டி அதுக்குள்ள ஒரு போல்ட்டைச் செருகி அடைச்சு வச்சிருந்தோம். "தற்காலிகமா இருக்கட்டும்"னு சொன்ன புண்ணியவான் நானே தான். அந்த ரப்பர் சூட்டுல வெந்து, அடிப்பக்கம் பிளந்து கிடந்தது. மேல இருந்து பார்த்தா ஒன்னும் தெரியாது. நகத்தால நெம்பினா வாயைத் திறக்குது.

குழாய் வாங்க டவுனுக்குப் போனேன். அரை மீட்டர் வேக்கம் ஹோஸ், ரெண்டு கிளிப், எல்லாம் சேர்த்து எழுபது ரூபா. மாட்டி ஸ்டார்ட் பண்ணினதும் எஞ்சின் அலறுச்சு. பயந்துடாதீங்க, அது நல்ல செய்தி. மூணு பேர் உள்ள திருகி வச்ச ஸ்க்ரூ இப்போ தான் தன் சுயரூபத்தைக் காட்டுது. எஞ்சின் நல்லாச் சூடானதும் ஸ்க்ரூவை வெளிய எடுத்து எடுத்து, சுத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தேன். ஐடில் ஸ்க்ரூவுக்குக் கடைசியா தான் வேலை. முதல்ல இல்ல.

இப்போ மெக்கானிக்குகளைத் திட்டிட்டு முடிச்சுக்கலாம்னு தான் எனக்கும் ஆசை. ஆனா அது நியாயமில்ல. அந்த மூணு பேரும் திருடங்க இல்ல. மூணாவது ஆள் நல்ல கை உள்ள பையன். அப்புறம் ஒரு நாள் டீக்கடையில அவன்கிட்ட கேட்டேன், ஏன்டா தம்பி, குழாயெல்லாம் ஒரு தடவை பார்த்திருக்கலாமேன்னு. அவன் சொன்னான்: "ண்ணா, ஒரு மணி நேரம் தேடி எழுபது ரூபா குழாய் மாத்திட்டு ஐநூறு ரூபா கேட்டா குடுப்பீங்களா? எழுபது ரூபா வேலைக்கு ஐநூறான்னு கேப்பீங்க. கார்பட்டர் மாத்தினா கூலி எண்ணூறு கேட்டாலும் வாயே திறக்க மாட்டீங்க."

எனக்குப் பதில் வரல. என் கையால நான் பண்ணினது அது தான். பிளக் மாத்தினவர்கிட்ட பேரம் பேசாமக் குடுத்தேன், கார்புரேட்டருக்கும் குடுத்தேன். பழைய பொருளைக் கழட்டி கையில குடுத்து, புது டப்பாவைக் காட்டினா நமக்குத் திருப்தி. பார்த்ததுக்குக் கூலி குடுக்க நமக்கு மனசு வராது, மாத்தினதுக்குத் தான் வரும். அப்போ அவன் மாத்தத் தான் செய்வான். இதுல நகரமும் கிராமமும் ஒன்னு தான். நகரத்துல குளுகுளு ரூம்ல உக்கார வச்சு, காபி குடுத்து மாத்தறாங்க, அவ்வளவு தான் வித்தியாசம்.

எங்க வண்டி இன்ஜெக்ஷன், கம்ப்யூட்டர் எல்லாம் சொல்லிடும்னு நீங்க நினைக்கலாம். அந்த வண்டியிலயும் மேனிஃபோல்டு இருக்கு, ரப்பர் இருக்கு, ரப்பர் கிழியும். உள்ள போற காத்தை வாசல்ல அளக்கிற வண்டியா இருந்தா, ஓட்டை வழியா வர்ற காத்து கணக்குல வராது. கலவை நீர்த்து, பி0171-னு கோடு வரும். ‘கலவை நீர்த்திருக்கு’ன்னு தான் அதுக்கு அர்த்தம். பல இடத்துல அந்தக் கோடைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாத்தறாங்க. உண்மையைச் சொன்ன சாட்சியைப் பிடிச்சு உள்ள போடற மாதிரி. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிற வண்டியில வேற மாதிரி. காத்து கசிஞ்சா அழுத்தம் ஏறுது, கம்ப்யூட்டர் வேலைப் பளு கூடிருச்சுன்னு நினைச்சு பெட்ரோலையும் சேர்த்துக் குடுக்குது, ஐடில் எகிறிப் போய் நிக்குது. சில வண்டி மேலயும் கீழயும் ஊஞ்சல் ஆடும். ஸ்கேனர் எந்தத் தெருன்னு தான் காட்டும். எந்த வீடுன்னு ஆள் தான் இறங்கித் தேடணும்.

இப்போ எது நடந்தாலும் எத்தனால் மேல பழி போடறது ஒரு வழக்கமாயிருச்சு. பழைய வண்டியோட பெட்ரோல் குழாய்க்கும், கார்புரேட்டர் உள்ள இருக்கிற ரப்பருக்கும் எத்தனால் ஆகாதுங்கிறது உண்மை தான். ஆனா வேக்கம் குழாயைக் கொல்றது பெரும்பாலும் சூடும் வயசும் தான். மூணு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில வெந்துட்டு நின்ன வண்டியில முதல்ல சாகறது ரப்பர், எஞ்சின் இல்ல.

எல்லா ஐடில் கோளாறும் காத்துக் கசிவுன்னு நான் சொல்ல வரல. ஓட்டத்துலயும் குலுங்குதுன்னா, மேட்டுல இழுக்கலேன்னா, அது பெட்ரோல் பக்கமோ கரண்ட் பக்கமோ தான். வேக்கம் கேஜ்ல முள் ஒரே தாளத்துல விட்டு விட்டுக் கீழ விழுந்தா வால்வு சந்தேகம். அதுக்கெல்லாம் தெரிஞ்ச ஆள் தான் வேணும். ஆனா எழுபது ரூபா சந்தேகத்தைத் தீர்த்துட்டு ஏழாயிரம் ரூபா சந்தேகத்துக்குப் போறதுல என்ன கஷ்டம்?

நீங்களே பார்க்கிறதா இருந்தா கொஞ்சம் ஜாக்கிரதை. வெட்டவெளியில, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல. துண்டு, புடவை முந்தானை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஒவ்வொரு குழாயா, துணி சுத்தின பிளேயர்ல மெதுவா நெரிச்சுப் பாருங்க. எதை நெரிச்சா ஐடில் மாறுதோ அந்தக் குழாய் வழியைத் தேடுங்க. பிரேக் பூஸ்டருக்குப் போற தடிமனான குழாயை மறந்துடாதீங்க. அது கசிஞ்சா ஐடிலோட பிரேக்கும் போகும். கார்புரேட்டரை மேனிஃபோல்டோட சேர்த்திருக்கிற நட்டு அதிர்வுல லூசாகும், அடியில இருக்கிற கேஸ்கெட் சுருங்கும். தண்ணியைக் காயில் மேலயும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலயும் அடிச்சுடாதீங்க, புதுசா ஒரு வியாதியை நீங்களே உண்டாக்கிடுவீங்க. சில மெக்கானிக்குங்க பிரஷ்ல பெட்ரோலைத் தொட்டு ஜாயின்ட்டுல தடவிப் பார்ப்பாங்க. ஐடில் ஏறினா அங்க கசிவு. சோதனை சரி தான், சூடான எஞ்சின் மேல பெட்ரோல் தான் சரியில்ல. என் வண்டியில நான் விடறதில்ல.

இல்ல, எனக்கு நேரமில்லேன்னா மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "தம்பி, எதையும் மாத்த வேண்டாம். ஒரு மணி நேரம் தேடு, தேடினதுக்கு ஐநூறு ரூபா தர்றேன், கிடைச்சாலும் கிடைக்கலேன்னாலும்." நான் இப்போ அப்படித் தான் பண்றேன். அந்தப் பையன் முதல் தடவை என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான். இப்போ வர்றப்போ லேட்டரல் குழாய்த் துண்டு ஒன்னை அவனே டூல்ஸ் பையில போட்டுட்டு வர்றான்.

ஆம்னியில திரும்பப் பழைய கார்புரேட்டரையே மாட்டிட்டேன். தேஞ்சு போச்சுன்னு கழட்டிப் போட்டது, ரெண்டு வருஷமா ஒட்டன்சத்திரம் போயிட்டு வருது. மூவாயிரத்து ஐநூறு குடுத்து வாங்கின ரீகண்டிஷன் கார்புரேட்டர் மோட்டார் ரூம்ல சாக்குல சுத்திக் கிடக்கு. யாருக்காவது நிஜமாவே தேவைப்பட்டா வந்து எடுத்துக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க வண்டியை நான் ஒரு தடவை சீட்டைத் தூக்கிப் பார்ப்பேன்.